கடையில் மீன் தொட்டி: வளரும் மீனுக்கு எத்தனை அடி வேண்டும்?

நமது வட்டாரத்தில் பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி மீன் தொட்டியைக் காண்கிறோம். சிலர் அழகுக்காக வைக்கிறார்கள், சிலர் வாஸ்துவுக்காக. பில் போடும் வரை வாடிக்கையாளரின் குழந்தை அழாமல் நிற்கட்டும் என்று வைத்தவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் குற்றமில்லை. வாங்கும் முறையில்தான் பிழை நேருகிறது. கல்லா ஓரமாக இரண்டு அடி இடம் காலியாக இருக்கிறது, ஆகவே இரண்டு அடித் தொட்டி. தொட்டி வந்துவிட்டது, ஆகவே கண்ணுக்குப் பிடித்த நான்கு மீன்கள். அவை ஓராண்டில் என்ன அளவுக்கு வரும் என்று விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

சரக்கு வாங்கும்போது நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. தீபாவளிக்கு எத்தனை மூடை சர்க்கரை இறங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் கிட்டங்கியில் இடம் ஒதுக்குகிறோம். மீனுக்கும் அதே கணக்குத்தான். இன்று இருக்கும் அளவுக்கு அல்ல, நாளை வரப்போகும் அளவுக்கு இடம் பார்க்க வேண்டும்.

விற்பனைக்கு வரும் மீன்கள் ஏன் எப்போதும் குட்டியாகவே இருக்கின்றன என்பது வியாபாரிகளுக்கு எளிதில் புரியும். வண்ணமீன் வணிகத்துக்குச் சென்னை கொளத்தூர் பெயர் பெற்ற இடம். வெளியூர்களுக்கு மீன்கள் ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில்தான் பயணம் செய்கின்றன. இரண்டு அங்குலக் குட்டிகளைப் பல எண்ணிக்கையில் ஒரே பையில் அனுப்பலாம். ஓர் அடி மீனுக்குத் தனிப் பையும், நிறையத் தண்ணீரும், கூடுதல் வண்டிச் செலவும் வேண்டும். எனவே குட்டியை விற்பதுதான் கட்டுப்படியாகும். பெரிய மீனைக் கடையில் பார்க்காத வாடிக்கையாளர், அந்த மீனே சிறிய இனம் என்று நினைத்துக்கொள்கிறார்.

உண்மை நிலவரம் வேறு. ஆஸ்கார் என்ற மீன் இரண்டு அங்குலத்தில் வாங்கப்படுகிறது. நன்றாகத் தீனி கிடைத்தால் முதல் ஆண்டில் ஏறத்தாழ மாதம் ஓர் அங்குலம் வளர்ந்து, பத்து முதல் பன்னிரண்டு அங்குலத்தில் நிற்கும். நெற்றி புடைத்த பிளவர்ஹார்னும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அமேசான் ஆற்றைச் சேர்ந்த வெள்ளி அரோவானா தொட்டியிலேயே இரண்டரை அடியைத் தொடும். கோய் கெண்டை இரண்டு அடி வரை வரும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. ‘ஷார்க்’ என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளிநிறக் குட்டி உண்மையில் சுறா அல்ல. ஆந்திரத்துக் குளங்களில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படும் பங்காசியஸ் கெளுத்திதான் அது. மீகாங் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இனம். சிவப்பு வால் கெளுத்தியும் ஒரு மீட்டரைத் தாண்டும். இந்த இரண்டையும் கடைத் தொட்டிக்கு வாங்கவே கூடாது என்பது நமது கருத்து.

நீளத்தை மட்டும் பார்த்தால் இதன் பாரம் விளங்காது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் எடை சுமார் எட்டு மடங்காகிறது. நீளத்தோடு அகலமும் பருமனும் சேர்ந்து வளருவதே காரணம். இரண்டு அங்குல ஆஸ்கார் பன்னிரண்டு அங்குலமாகும்போது நீளம் ஆறு மடங்கு. எடையோ இருநூறு மடங்குக்கு மேல். எடை ஏற ஏறத் தின்னும் தீனியும் தள்ளும் கழிவும் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனும் ஏறுகின்றன. வெயில் காலத்தில் நிலைமை இன்னும் இறுகும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. தகரக் கூரைக் கடையில் சித்திரை மாதம் மதியம் பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது நம்மிடம் தீனி கேட்கவில்லை என்று அறிய வேண்டும்.

“தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்” என்று ஒரு பேச்சு உண்டு. விற்பனைக்கு வசதியான பேச்சு. சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால் மீன் இடத்துக்குத் தக்கபடி தன்னைச் சுருக்கிக்கொள்வதால் அல்ல. கழிவு சேர்ந்து கெட்ட நீரிலும் நெருக்கடியிலும் கிடந்து நோய்ப்பட்டுக் குன்றுகிறது. சிலவற்றுக்கு முதுகு வளைந்துவிடும். பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஆஸ்கார் இரண்டு ஆண்டுகளில் செத்தால், “வாஸ்து மீன் நம் கஷ்டத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது” என்று சொல்லி அடுத்ததை வாங்குகிறோம். நம்பிக்கையில் நாம் குறுக்கிட விரும்பவில்லை. ஆனால் வரிசையாகச் சாகும் மீன்களுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது.

சரி, அளவை எப்படி முடிவு செய்வது? முழு வளர்ச்சியடைந்த மீனின் நீளத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டியின் நீளம் அதைப் போல் நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது. அகலம் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் மீன் உடலை மடக்காமல் திரும்ப முடியும். கடைக்காரர்கள் கோட்டைவிடுவது இந்த அகலத்தில்தான். வழியை அடைக்கக்கூடாது என்று நீளமாகவும் ஒடுக்கமாகவும் செய்யச் சொல்கிறோம். மீன் முட்டுச்சந்தில் மாட்டிய லாரி போல் ஆகிவிடுகிறது. உயரம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. உயரமான தொட்டி பார்வைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் காற்றுப்படும் மேற்பரப்பு கூடுவதில்லை. அடியில் அழுத்தம் கூடுவதால் கண்ணாடிதான் கனமாக வேண்டியிருக்கும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி கிடைக்கும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதை நமது அரிசிச் சிப்பக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும்.

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டி 57 லிட்டர் கொள்ளும். கல்லா ஓரத்தில் வைக்கும் தொட்டி பெரும்பாலும் இதுதான். இதில் ஆஸ்காரும் கூடாது, தங்கமீன்கூடக் கூடாது. நாலு அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி 255 லிட்டர். தண்ணீர் மட்டும் பத்துச் சிப்பம் எடை. ஒரே ஓர் ஆஸ்கார் அல்லது ஒரே ஒரு பிளவர்ஹார்னுக்கு இதுவே குறைந்தபட்ச அளவு. இரண்டு ஆஸ்கார் வேண்டுமானால் ஐந்து அடிக்கு இரண்டு அடிக்கு இரண்டு அடி, அதாவது 566 லிட்டர். அரோவானாவுக்கு எட்டு அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டரை அடி உயரம் வேண்டும். மேலே சொன்ன நான்கு மடங்குக்கு இதுவே சற்றுக் குறைவு. 60 கன அடி, 1,700 லிட்டர். அறுபத்தெட்டு சிப்பம் அரிசியை இருபத்துநான்கு சதுர அடி இடத்தில் இரவும் பகலும் அடுக்கி வைத்ததற்குச் சமம், கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் தனி. மாடியில், மரப்பலகைப் பரணில், பழைய மெட்ராஸ் தளத்தில் இதை வைப்பதாக இருந்தால் கட்டட விவரம் தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் செய்யக்கூடாது. அரோவானா எகிறிக் குதிக்கும் மீன் என்பதால் கனமான மூடியும் தேவை. கோய் கெண்டைக்குக் கண்ணாடித் தொட்டி சரிவராது. வீட்டு முற்றத்தில் சில ஆயிரம் லிட்டர் கொள்ளும் சிமெண்டுத் தொட்டி கட்ட இடமிருப்பவர்கள் மட்டும் நினைக்கலாம்.

ஒன்றரை அடி உயரத்துக்கு 8 மி.மீ. கண்ணாடியும், இரண்டு அடி உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடியும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் உயரமென்றால் பெரிய தொட்டி செய்து பழகியவரிடம்தான் கொடுக்க வேண்டும். தொட்டி வந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் சும்மா விட்டுவைத்துக் கசிவு பார்ப்பது நல்லது. கீழே பருப்பு மூடை இருக்கும் கடையில் இந்த ஒரு வாரத்தைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

தொட்டி ஒருமுறைச் செலவு. தண்ணீர் வாராவாரம் செலவு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. பில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பெரிய மீனை விட்டால் நஞ்சில் விட்டது போலத்தான். பழகிய தொட்டியிலும் நைட்ரேட் சேர்ந்துகொண்டே இருப்பதால் வாரம் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். நாலு அடித் தொட்டிக்கு அது நாலு குடம். அரோவானா தொட்டிக்கு இருபத்தெட்டு குடம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் கடையை மூட நேரமில்லாத வியாபாரி, ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டு குடம் தண்ணீர் மாற்றுவாரா என்பதைத் தொட்டி வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்திருந்து, அல்லது குளோரின் முறிக்கும் மருந்து சேர்த்து, பிறகுதான் ஊற்ற வேண்டும்.

மளிகைக் கடைக்கே உரிய சில சங்கதிகள் உண்டு. மீன் விற்பவர் இவற்றைச் சொல்ல வாய்ப்பில்லை. ஏர் பம்ப் கடைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. மிளகாய் வத்தல் கொட்டி அளக்கும் இடத்திலும், சாம்பிராணி போடும் இடத்திலும் பம்பை வைக்கக்கூடாது. கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கும் மருந்துகள் பலவற்றில் பைரித்ராய்டு வகை ரசாயனம் இருக்கிறது. நமக்கு அதிகம் கெடுதல் செய்யாத அளவே மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் தொட்டியை நன்றாக மூடி, பம்பை நிறுத்தி, வாடை போன பிறகு ஓட்ட வேண்டும். பெரிய மீன் நெடுநேரம் காற்றில்லாமல் தாங்காது என்பதால் அதுவரை கடையில் ஆள் இருப்பது அவசியம். பெரிய தொட்டியிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது. உப்பு, சர்க்கரை, வெல்லம், அப்பளம் ஆகியவற்றைப் பக்கத்தில் அடுக்கினால் கசியும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இவ்வளவும் கட்டுப்படியாகாது என்றால் மீனை மாற்றிவிடலாம். இதில் குறைவு ஒன்றுமில்லை. இரண்டு அடித் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கப்பி, பிளாட்டி, வரிக்குதிரைக் கோடு போட்ட சீப்ரா மீன்கள் சந்தோஷமாக வாழும். மூன்று அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் இருந்தால் ஏஞ்சல் மீன்கள் நாலைந்து வைக்கலாம். கல்லாவில் நிற்கும் குழந்தைக்கு மூலையில் முடங்கிக் கிடக்கும் ஓர் ஆஸ்காரைவிட, ஓடியாடும் பத்துச் சிறு மீன்கள் அதிக வேடிக்கை.

ஏற்கெனவே மீன் பெரிதாகிவிட்டவர்கள் என்ன செய்வது என்பதுதான் மிகவும் முக்கியம். கொன்றால் பாவம், ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று பலர் எண்ணுகிறார்கள். 2018ஆம் ஆண்டு கேரள வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில், தென்னமெரிக்காவின் அராபைமா, முதலை போன்ற மூக்குள்ள அலிகேட்டர் கார் ஆகிய ராட்சத மீன்கள் பிடிபட்டன. வளர்ப்பிடங்களிலிருந்து வெளியேறியவை அவை. சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி வலையைக் கிழிக்கிறது, உண்ணவும் ஆளில்லை. நமது சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, வழியில் குளங்களை நிரப்பி, தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய சிறு கெண்டை இனம் ஒன்று இந்த ஆற்றுக்கே உரியது, 1954இல் விவரிக்கப்பட்டது. இது போன்ற சிறு மீன்களுக்கு நடுவே ஓர் அடி ஆஸ்காரை விடுவது, கோழிக்கூண்டில் நரியை விடுவது போன்றது. 2023 டிசம்பரில் பெய்தது போன்ற மழை வந்தால் ஒரு குளத்து மீன் எத்தனை குளத்துக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே வாங்கும்போதே, “பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்று விற்பவரிடம் கேட்டு வைக்க வேண்டும். எடுத்துக்கொள்பவரிடமே வாங்கலாம். ஆசிய அரோவானா போன்று சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள், 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படியும் 2024 விதிகளின்படியும் பதிவு செய்ய வேண்டும். பதிவுத்தாள் இல்லாமல் வாங்குவதும் கைமாற்றுவதும் வம்பு. திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோகும் பெரிய மீனைப் பாலிதீன் பையில் போடாதீர்கள், முள்ளால் கிழித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பாதியளவு தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பேட்டரி பம்பை ஓடவிட்டு, முதல் நாள் தீனி நிறுத்தி, வெயில் ஏறுமுன் ஏற்றிவிடுங்கள்.