நம்பிக்கைகளும் உண்மைகளும்: விமானத்தில் எதற்குப் பயப்படலாம்?

மார்டள்ளியிலிருந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு இரண்டு திசையில் வழி இருக்கிறது. கொள்ளேகால் வழியாகப் போனால் மைசூரு மண்டகள்ளி. மேட்டூர் பக்கம் இறங்கினால் சேலம் காமலாபுரம். இரண்டு இடத்திலும் ஓடுபாதை சிறியது. மைசூரில் 1,740 மீட்டர், சேலத்தில் சுமார் 1,800 மீட்டர். அதனால் அங்கே வந்துபோவது பெரும்பாலும் ஏடிஆர்-72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்து முதல்முறை பயணம் கிளம்பும் பெரியவர்கள் அந்த விசிறியைப் பார்த்ததும் முகம் மாறிவிடுகிறார்கள். "இது பழைய வண்டியாட்டம் இருக்கே, நல்ல விமானமெல்லாம் பெங்களூர்லதான் நிக்குமோ?"

பழைய வண்டி இல்லை. ஏடிஆர்-72 இன்றும் பிரான்சில் புதிதாகத் தயாராகி வருகிறது. விசிறியைச் சுற்றுவது பழங்காலத்து பிஸ்டன் இன்ஜினும் அல்ல. பெரிய ஜெட் விமானங்களில் இருப்பதைப் போலவே காற்றை அழுத்தி, எரிபொருளை எரித்து, அந்த வேகத்தில் சுழலும் டர்பைன்தான். உண்மையில் பெங்களூரில் நிற்கும் ஜெட்டையும் முன்னே தள்ளுவது பெரும்பாலும் விசிறியே. அங்கே அது கூண்டுக்குள் இருக்கிறது, இங்கே வெளியே தெரிகிறது. மைசூரிலிருந்து சென்னை போன்ற குறைந்த தூரத்துக்கு மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போதும். ஜெட் போனாலும் மிச்சமாவது சில நிமிடங்கள், செலவாகும் எரிபொருளோ மிக அதிகம். ஏடிஆர் சின்ன ஓடுபாதையில் இறங்கும், ஏறும். அது இல்லாவிட்டால் நம் பக்கத்து இரண்டு விமான நிலையங்களும் பெரும்பாலான நாள் வெறிச்சோடிக் கிடக்கும்.

இதில் ஏறுவதே கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம். மூட்டை முடிச்செல்லாம் முன்பக்கம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் சக்கரம் உள்ளே மடங்குவதையும், இறங்கும்போது வெளியே வந்து தரையைத் தொடுவதையும் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். ஜெட்டை விடத் தாழ்வாக, மேகங்கள் திரளும் உயரத்தில் பறப்பதால் ஆட்டம் சற்றுக் கூடுதல். மழைக்காலத்தில் நன்றாகவே தெரியும். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஒரு ஏடிஆர்-72 விழுந்து, அதிலிருந்த 72 பேரும் இறந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விசாரணையில் தெரிந்தது இன்ஜின் கோளாறு இல்லை. இறங்கும் நேரத்தில் வேறொரு நெம்புகோலை இழுக்க வேண்டிய கை, விசிறிகளின் உந்துவிசையையே இல்லாமல் செய்யும் நெம்புகோல்களை இழுத்துவிட்டது. அந்தத் தவறு மனிதர்களுடையது. 

பெங்களூரில் ஏ320 ரக ஜெட்டில் ஏறுகிறவர்களுக்கு வேறொரு கிலி. விமானம் கிளம்பத் தயாராகும்போது காலுக்கடியில் ரம்பத்தால் மரம் அறுப்பது போல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பார்கள். ஒரு இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை வைத்து இன்னொன்றுக்கு அழுத்தம் ஏற்றும் கருவி எழுப்பும் சத்தம் அது. அந்த விமானத்தில் அது இயல்பு. மேலே கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் இன்ஜின் சத்தம் சட்டென்று குறைந்து, வயிற்றுக்குள் ஏதோ இறங்குவது போல் இருக்கும். அதற்கும் பதற வேண்டாம். ஓடுபாதையை விட்டு எழும்பத் தேவைப்பட்ட முழு விசை இனி வேண்டாம் என்று விமானிகள் குறைக்கிறார்கள். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

"ஏர் பாக்கெட்ல விழுந்துருச்சு" என்ற பேச்சு நம்மிடம் நிலைத்துவிட்டது. காற்றே இல்லாத பள்ளம் என்று வானத்தில் எதுவும் கிடையாது. ஏறும் காற்றிலிருந்து இறங்கும் காற்றுக்குள் நுழையும்போது விமானம் குலுங்குகிறது, அவ்வளவுதான். எவ்வளவு விழுகிறது என்பதில்தான் பெரிய மயக்கம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வானில் கடுமையாகக் குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலர் படுகாயமடைந்தார்கள். 6,000 அடி விழுந்ததாக முதல் நாள் செய்திகள் வந்தன. பிறகு சிங்கப்பூர் விசாரணை அமைப்பு கருப்புப் பெட்டியைப் பார்த்துச் சொன்னது: விமானம் இறங்கியது 178 அடி, 4.6 நொடியில். 37,000 அடி உயரத்தில் 178 அடி ஒன்றுமே இல்லை. விமானமும் பத்திரமாகப் பாங்காக்கில் இறங்கியது. ஆனால் பெல்ட் போடாமல் இருந்தவர்கள் அந்த 4.6 நொடியில் கூரை வரை எறியப்பட்டு, மறுபடி கீழே விழுந்தார்கள்.

இறக்கை ஒடிந்துவிடுமோ என்ற பயமும் இதோடு சேர்ந்தது. பறக்கும் காலம் முழுவதிலும் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. 2010இல் போயிங் 787 இறக்கையை அப்படிச் சோதித்தபோது அதன் முனை ஏறத்தாழ 25 அடி மேலே வளைந்தது, ஒடியவில்லை. ஜன்னலில் இறக்கை ஆடுவது தெரிந்தால், ஆடும்படி செய்யப்பட்ட பொருள் ஆடுகிறது. நடுங்க வேண்டியது, "பெல்ட் போடுங்கள்" என்ற விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நிம்மதியாகச் சாயும் பழக்கத்தைப் பார்த்து. உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். தூங்கினாலும்.

அடுத்ததுதான் எனக்கு மனசு கொதிக்கும் விஷயம். விமானம் இறங்கி வருகிறது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. திடீரென்று இன்ஜின் உறுமி மூக்கு மேலே தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுகிறது. உள்ளே கடவுளைக் கூப்பிடுவார்கள். வெளியே வந்ததும் "பைலட்டுக்கு இறக்கத் தெரியல" என்பார்கள். கோ-அரவுண்ட் என்கிற இந்தத் திரும்ப ஏறுதல் விமானிகள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. முன்னே ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லை, காற்று திசை மாறிவிட்டது, வேகமோ உயரமோ சரியாக அமையவில்லை, இப்படி எத்தனையோ காரணம் இருக்கும். இதைச் செய்ததற்காக விமானியைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதே இன்று விமான நிறுவனங்கள் பொதுவாகப் பின்பற்றும் நடைமுறை.

திரும்ப ஏறாததற்கு நம் மண்ணில் கொடுத்த விலை பெரியது. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. துணை விமானி மூன்று முறை திரும்ப ஏறிவிடலாம் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. சுமார் 2,450 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ 1,600 மீட்டர் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மலைமேல் அமைந்த ஓடுபாதை. முனைக்கு அப்பால் பள்ளத்தாக்கு. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் அதே கதை. பின்னாலிருந்து தள்ளும் காற்று, ஓடுபாதையின் பாதியில் தரை தொட்ட விமானம், திரும்ப ஏறச் சொன்ன இரண்டாம் விமானி. 21 உயிர்கள். இரண்டு விபத்திலும், விமானம் மறுபடி மேலே ஏறியிருந்தால் பயணிகள் சில நிமிடம் பயந்திருப்பார்கள். அரை மணி நேரம் தாமதமாக வீடு போயிருப்பார்கள். ஆகவே அடுத்த முறை உங்கள் விமானம் திரும்ப ஏறினால், இறங்கிய பிறகு வாசலில் நிற்கும் விமானிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். திட்டாதீர்கள்.

டமாரென்று தரையைத் தொடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஈர ஓடுபாதையில் பூப்போல இறக்கினால் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுவிடும், பிரேக் பிடிக்காது. மைசூரு மாதிரி சின்ன ஓடுபாதையில் மெதுவாகத் தொடுவதற்காக மிதந்துகொண்டே போனால் நிற்கும் தூரம் வீணாகும். சரியான இடத்தில் உறுதியாக இறக்குவதே நல்ல இறக்கம்.

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடிமழை பிடித்துக்கொண்டால் பெங்களூருக்கு வரும் விமானங்களைச் சென்னைக்குத் திருப்பிவிடுவது வழக்கம். "பெட்ரோல் தீர்ந்துபோச்சாம்" என்று பின்னிருக்கையில் குரல் கேட்கும். போய்ச்சேர வேண்டிய இடத்துக்கான எரிபொருள், அதற்கு மேல் ஒரு பங்கு, மாற்று விமான நிலையம் வரை போக ஒரு பங்கு, அதற்கும் மேல் அரை மணி நேரம் சுற்றப் போதுமான கையிருப்பு: இவ்வளவும் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். கையிருப்பைத் தொடும் முன்பே முடிவெடுக்க வேண்டும் என்பதால்தான் திருப்புகிறார்கள்.

இரண்டு இன்ஜினும் நின்றால்? கல் மாதிரி விழாது. 35,000 அடி உயரத்திலிருந்து ஒரு ஜெட் விமானம் 150 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கியே போகும்; பெங்களூரு நகரத்துக்கு மேலே இருந்தால் மைசூரு எட்டிவிடும் தூரம். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 அட்லாண்டிக் கடலுக்கு மேலே எரிபொருள் கசிந்து இரண்டு இன்ஜினையும் இழந்தது. இருட்டில் சுமார் 19 நிமிடம் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே 306 பேர், எல்லோரும் பிழைத்தார்கள்.

நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் அதிகம். பறக்கும் உயரத்தில் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஏறத்தாழ ஊட்டியில் இருப்பது போன்றது. ஊட்டி 2,240 மீட்டர். விமானத்துக்குள் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். வெளியே எவரெஸ்டை விட உயரம். இந்த வித்தியாசத்தால் கதவின் மேல் உள்ளிருந்து பல டன் அழுத்தம் இருக்கும். பெரும்பாலான கதவுகள் முதலில் உள்பக்கம் நகர்ந்தால்தான் திறக்கும். அந்த அழுத்தத்தை எதிர்த்து எந்தப் பயில்வானாலும் நகர்த்த முடியாது. தரைக்கு அருகில் மட்டும் விஷயம் வேறு. 2023 மே மாதம் தென்கொரியாவின் டேகு நகரில் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில், சுமார் 700 அடி உயரத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்தேவிட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. அவசர வழிப் பக்கத்தில் இடம் கிடைத்தால், பணிப்பெண் விளக்கம் சொல்லும்போது செல்போனைப் பார்க்காமல் கேட்பது கடமை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து, உள்ளிருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். அவர் உட்கார்ந்திருந்தது 11ஏ. அதன்பிறகு அந்த எண்ணுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. கூடுதல் காசு கொடுத்தாவது 11ஏ கேட்கிறார்கள். ஆனால் 11ஏ என்பது ஒரு விமானத்தில் கதவோரம் இருக்கும், இன்னொன்றில் இறக்கைக்கு மேலே, வேறொன்றில் இரண்டு கதவுக்கும் தூரமாக. மங்களூரில் பலர் தப்பியது உடம்பு பிளந்த விமானத்தின் விரிசல் வழியாக. 1985இல் ஜப்பானில் விழுந்த போயிங் 747இல் பிழைத்த நான்கு பேரும் வால் பக்கம் இருந்தவர்கள். காப்பாற்றும் எண் என்று ஒன்று கிடையாது. இருக்கையில் உட்கார்ந்ததும், மிக அருகில் இருக்கும் அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கை தடவித்தான் போக வேண்டும்.

பயம் இருக்க வேண்டிய இடம் மூட்டை. பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. தீப்பிடித்தால் கீழே யாரும் பார்க்க முடியாது. கொப்பரையையும் எடுத்துப் போக முடியாது, எண்ணெய்ப் பசை உள்ள அது எளிதில் எரியும் பொருள் பட்டியலில் இருக்கிறது. முழுத் தேங்காய்க்குச் சபரிமலை பக்தர்களின் இருமுடிக்காக மட்டும், 2024-25 மண்டல, மகரவிளக்கு காலத்தில் கைப்பையில் கொண்டுபோகத் தனி அனுமதி கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தப்பி ஓட வேண்டிய நேரத்தில் பையை எடுப்பது. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதி எரிந்தது. பயணிகள், ஊழியர்கள் 300 பேரும் பிழைத்தார்கள். ஆனால் உள்ளே எடுத்த காட்சிகளில், புகை சூழ்ந்த நேரத்தில் மேலே இருந்த பெட்டியை இறக்கப் போராடுகிறவர்களைப் பார்க்கலாம். பணிப்பெண்கள் கத்துவதும் கேட்கும். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பெட்டிகளை விட்டுவிட்டு, பணியாளர் சொன்ன வழியில் இறங்கினார்கள். பிறகு விமானம் முழுதும் எரிந்து சாம்பலானது.

பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடியில் எல்லோரும் இறங்க முடிய வேண்டும் என்று நிரூபித்துக் காட்டிய பிறகுதான் ஒரு விமானத்துக்குப் பறக்க அனுமதி கிடைக்கிறது. அந்தக் கணக்கில் பெட்டியை இறக்க ஒரு நொடிகூட ஒதுக்கவில்லை. பாஸ்போர்ட், போன், அன்றாட மாத்திரை இவற்றை மட்டும் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொண்டு ஏறுங்கள். அம்மாவையோ பெரியப்பாவையோ முதல்முறை தனியாக அனுப்புகிறவர்கள், வீட்டிலேயே அந்தப் பையைக் கட்டி, மேலே வைத்த பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புங்கள்.