வெட்டிவேரும் கல்வாழையும்

சரிவான நிலத்தில் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர், கரையோரத்தில் நடுதற்குப் புஷ்பத்தின் அழகை மட்டும் கருதுதல் தகாது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாய் நெடுநாள் பூக்கும். கிழங்கைப் பிரித்து நட்டாலே போதும். ஆயின் ஈரம் குன்றினால் அது வாடும். கிழங்கு மேல்மண்ணிலேயே படர்வதால், பெருமழையில் சரியும் கரையைத் தாங்காது.

வெட்டிவேர்ப் புல்லுக்குக் கண்கவரும் பூவில்லை. அதன் வேரோ பக்கங்களில் அதிகம் படராமல், நல்ல மண்ணில் 10 அடி ஆழம்வரை நேரே கீழிறங்கும். சரிவுக்குக் குறுக்கே, 4 முதல் 6 அங்குல இடைவெளியில் தூர்களை ஒரே வரிசையாக நட்டால், ஓடும் ஜலத்தின் வேகம் தணிந்து வண்டல் அங்கேயே தங்கும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் வார்த்து, இளந்தளிரை ஆடுமாடுகள் மேயாமல் காத்தல் வேண்டும். வாசனை வேரை விற்கும் ஆசையால் கரையைத் தோண்டினாலோ, மண்ணும் உடன் போம்.

கல்வாழைக்கு ஏற்ற இடம் கிணற்றடியே. வீணாகும் கழுவுநீரில் அது செழித்து வளரும்.