பி.எஃப். பணத்தை ஏஜென்சி கட்டாவிட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: திருப்பூரில் சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 32 பேர். பாதிக்கு மேல் பெண்கள். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட், சனிக்கிழமை வாரச் சம்பளம். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் பார்த்துவந்த கணக்கர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். இப்போது இரண்டு நிறுவனங்கள் வந்து பேசியிருக்கின்றன. ஒன்று பெங்களூரில் உள்ள சம்பள சாஃப்ட்வேர் நிறுவனம். ஆளுக்கு மாதம் 60 ரூபாய். மற்றது உள்ளூர் கன்சல்டன்சி, கட்டணம் அதிகம்தான், ஆனால் "மாதம் ஒரு செக் கொடுத்துவிடுங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம்" என்கிறார்கள். யாரைத் தேர்ந்தெடுக்கலாம்? அவர்கள் கட்டாமல் விட்டால் நான் தப்ப முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்ப முடியாது. பி.எஃப். அலுவலகமும் இ.எஸ்.ஐ. கழகமும் உங்களைத்தான் முதலாளியாகப் பார்க்கும். கன்சல்டன்சி உங்கள் ஏஜென்ட் மட்டுமே. "அவரிடம் பணம் கொடுத்துவிட்டேன்" என்பது விசாரணையில் எடுபடாது. வட்டியோடும் அபராதத் தொகையோடும் நீங்கள் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகு கன்சல்டன்சி மீது தனியாக வழக்குப் போட்டுத்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். தொழிலாளியின் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால் விவகாரம் கிரிமினல் பக்கமும் போகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின் விளக்கம், அந்தப் பணம் முதலாளியிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டதாகவே கருதச் சொல்கிறது. கட்டத் தவறினால் அது நம்பிக்கை மோசடி.

எவ்வளவு பணம் என்று பாருங்கள். ஆளுக்குச் சராசரி 12,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.-க்கு இரு தரப்பும் தலா 12 சதவீதம். 32 பேருக்கு மாதம் 92,160 ரூபாய், நிர்வாகக் கட்டணம் தனி. இ.எஸ்.ஐ.-க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அது 15,360. ஆக, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் அந்த ஒரு செக்கில் போகிறது. சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு நீங்கள் தரப்போவது மாதம் 1,920 ரூபாய். இத்தகைய ஒப்பந்தங்களில் "எங்கள் பொறுப்பு கடைசி மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது" என்பது போன்ற ஒரு வரி வழக்கமாக இருக்கும். அவர்கள் தவறால் உங்களுக்கு இரண்டு லட்சம் நஷ்டம் என்றாலும் கைக்கு வருவது 5,760 ரூபாய்தான். கட்டணம் 60 ரூபாயா 90 ரூபாயா என்று பேரம் பேசுவதைவிட இந்த வரியைத் திருத்தப் பேசுங்கள். தாமதமும் தவறும் அவர்களுடையதாக இருந்தால் வட்டியும் அபராதமும் முழுக்க அவர்கள் தலையில் என்று எழுதி வாங்குங்கள்.

என் யோசனை இது: உள்ளூர் கன்சல்டன்சியையே வையுங்கள், ஆனால் செக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் விவரங்களை ஏற்றிச் சலான் எடுப்பது வரை அவர்கள் வேலை. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அரசுக் கணக்குக்குப் போகட்டும். இரண்டுக்குமே கடைசி நாள் அடுத்த மாதம் 15-ஆம் தேதி. 10-ஆம் தேதிக்குள் சலான் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் உங்கள் பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது. இதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர்கள் வேண்டாம்.

உள்ளூர்காரரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பள ஆபீஸுக்காகச் செய்த சாஃப்ட்வேர் பீஸ் ரேட்டையும் வாரக் கூலியையும் கண்டு திணறும். வாரக் கூலியை வார விடுமுறைக்கு முன்பே, கடைசி வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. தொழில் வரியைக் கர்நாடகத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள்; நமக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அதுவும் உள்ளாட்சிக்கு. தொழிலாளர் நல நிதி ஜனவரி 31-க்குள். இதையெல்லாம் அவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

"அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸாகப் பிரித்தால் பி.எஃப். மிச்சம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019-இல் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், விலக்கு பெறும் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் அந்த மிகுதியையும் ஊதியமாகவே கணக்கிடச் சொல்கின்றன. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

உங்களிடம் பெண்கள் அதிகம் என்றீர்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பங்களிப்பு பதிவாகியிருந்தால்தான் இ.எஸ்.ஐ.-யில் மகப்பேறு உதவித்தொகை கிடைக்கும். எவரோ ஒருவர் பட்டியலில் ஒரு பெயரை ஏற்ற மறந்தால், ஏழாவது மாதத்தில் மெஷினை விட்டு எழுந்துபோகும் ஒரு பெண் 26 வாரப் பணத்துக்காக அலைய நேரும். ஆகவே மாதாமாதம் ஹாஜர் பதிவேட்டையும் சலான் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட உங்கள் யூனிட்டிலேயே ஒருவரை வையுங்கள். தொழிலாளர்களிடமும் செல்போனில் பி.எஃப். பாஸ்புக் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். எந்த ஆடிட்டரையும்விட அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். "வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில்" என்றிருந்தால் அடித்துத் திருப்பூர் என்று எழுதுங்கள். கைரா என்று ஊர் குறிப்பிட்டிருந்தும் சேலத்திலேயே வழக்கு நடத்தலாம் என்று 1989-இல் ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அந்த ஒப்பந்தத்தில் "மட்டும்" என்ற சொல் இல்லை. ஆனால் 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறிப்பிட்டதே போதும் என்றாகிவிட்டது. ஒப்பந்தம் முடியும்போது பழைய சம்பளப் பதிவேடுகள் அத்தனையும் எக்ஸலில் திரும்ப வர வேண்டும் என்றும் சேருங்கள். ஆதார், வங்கி விவரம் அவர்களிடமிருந்து கசிந்தாலும் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. போன கணக்கரின் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் இன்னும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளில் பதிவாகியிருக்கக்கூடும். இந்த வாரமே உங்கள் எண்ணுக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கையோடு கடந்த 12 மாதச் சலான்களை இறக்கிப் பாருங்கள். விட்டுப்போன மாதம் ஏதாவது இருந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திராமல் வட்டியோடு கட்டிவிடுங்கள்.