ஹண்டிங்டன் நோயும் ஆய்வுக்கூடச் சுண்டெலியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சுண்டெலிக்கும் ஹண்டிங்டன் நோய் வரும், அப்படி நோயுற்றவற்றையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

உண்மை: சுண்டெலிக்கு இந்நோய் இயற்கையில் வருவதில்லை. ஹண்டிங்டின் என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறி அடுத்தடுத்து அமைவதே நோய்க்குக் காரணம் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. இத்தொடர் 40 முறையோ அதற்கு மேலோ அமைந்தவர்களுக்குப் பெரும்பாலும் நடுவயதில் கைகால்கள் தம் வசமின்றி அசையத் தொடங்கி, சிந்தனையும் மனநிலையும் படிப்படியாகக் குலைகின்றன. சுண்டெலியின் மரபணுவிலோ இத்தொடர் ஏழு முறை மட்டுமே வருகிறது. ஆகவே லண்டனில் கிலியன் பேட்ஸின் குழுவினர், மனித மரபணுவின் முதற்பகுதியை மட்டும் ஏறத்தாழ 150 முறை நீண்ட தொடருடன் சுண்டெலிக் கருவில் செலுத்தி, 1996இல் ஆர்6/2 என்ற இனவழியை உருவாக்கினர்.

நம்பிக்கை: அந்தச் சுண்டெலியின் நோய் மனித நோயின் சிறு வடிவமே.

உண்மை: சுண்டெலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே என்பதால், மனிதரை வீழ்த்தும் அளவுள்ள தொடர் அதனிடம் பெரிய அறிகுறி எதையும் காட்டுவதில்லை, தொடரை மிகவும் நீட்டினால்தான் நோய் வெளிப்படும். வாலைப் பிடித்துத் தூக்கினால் நலமுள்ள சுண்டெலி கால்களை விரிக்கும். ஆர்6/2 சுண்டெலியோ கால்களை உடலோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளும். சில வாரங்களிலேயே தளர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் அது இறந்துவிடுகிறது. ஆனால் அசைவுகளை நெறிப்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப்பகுதியில் மனித நோயாளிக்கு நேர்வதுபோல் நரம்புச் செல்கள் திரளாக மடிவது அதனிடம் காணப்படுவதில்லை. சுண்டெலியின் சொந்த மரபணுவிலேயே தொடரை நீட்டி உருவாக்கிய வேறு வகைகளில் நோய் மெதுவாக முற்றுகிறது. எனவே, சுண்டெலியில் பலித்தது என்ற செய்தியைப் படிப்பவர், எந்தச் சுண்டெலியில் என்று கேட்டாக வேண்டும்.

நம்பிக்கை: சுண்டெலியில் பலித்த மருந்து நோயாளிக்கும் பலிக்கும்.

உண்மை: கிரியேட்டின் இச்சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியது, ஆயினும் நோயாளிகளிடம் நடத்திய பெரிய பரிசோதனை, பயன் கிட்டாது என்று தெரிந்ததால் 2014இல் நிறுத்தப்பட்டது. காத்திருந்த குடும்பங்களுக்கு அது கொடிய ஏமாற்றம்.

நம்பிக்கை: அப்படியானால் சுண்டெலி ஆய்வே வீண்.

உண்மை: முந்தைய மூன்றைவிடவும் இதுவே பெருந்தவறு. நரம்புச் செல்லின் உட்கருவில் பிறழ்ந்த புரதம் திரண்டு கட்டியாவது 1997இல் முதலில் சுண்டெலியில்தான் தெரிந்தது. நோயாளிகளின் மூளையிலும் அது இருப்பது அதன் பிறகே உறுதியாயிற்று. பிறழ்ந்த மரபணுவை விருப்பப்படி நிறுத்தும்படி அமைத்த சுண்டெலிகளில், அதை நிறுத்தியதும் கட்டிகள் மறைந்து அசைவும் சீரடைந்தது 2000இல் வெளியானது. தொடங்கிவிட்ட நோயும் பின்வாங்கக்கூடும் என்ற எண்ணத்திற்கு அதுவே முதல் ஆதாரம். ஸ்ட்ரையேட்டத்தின் செல்களில் சி-ஏ-ஜி தொடர் வாழ்நாளிலேயே மேலும் நீள்வதும், டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் எம்எஸ்எச்3 போன்ற புரதங்களே அதற்கு வழிவகுப்பதும் சுண்டெலிகளில் புலப்பட்டன. 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, நோய் தொடங்கும் வயதை மாற்றுபவற்றுள் அதே பழுதுபார்க்கும் மரபணுக்களைக் கண்டது. எம்எஸ்எச்3ஐ அடக்கித் தொடரின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கும் முயற்சி இப்போது நடந்துவருகிறது.