களையெடுப்பும் பயிர் வளர்ப்பும்
(இல்லற மகிழ்ச்சி பற்றிய ஒரு பாடம்)

நிலக்கடலை பயிரிடும் நம் திருவண்ணாமலை மாவட்டத்து உழவர்களுக்குக் களையின் தீமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், களையை மட்டும் பறித்துவிட்டு எருவும் நீரும் அளிக்காத நிலம் விளைவதில்லை. பிள்ளை வளர்ப்பும் இத்தகையதே. பிள்ளைகளின் குறைகளைக் களைவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியையேனும் அவர்களுடைய நிறைகளை வளர்ப்பதில் காட்டுகின்றோமா?

அமெரிக்க உளவியல் பேராசிரியர் மார்ட்டின் செலிக்மன் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை எழுதியுள்ளார். அவர் தோட்டத்தில் களை பறிக்கையில், ஐந்து வயது மகள் அக்களைகளை மேலே வீசி ஆடிக்கொண்டிருந்தாள். தந்தை சினந்து இரைந்தார். விலகிச் சென்ற சிறுமி சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். நாள்தோறும் சிணுங்கி வந்த தான், ஐந்தாம் பிறந்த நாளில் அதை விட்டொழித்ததை நினைவூட்டினாள். தன்னால் அது இயன்றதெனில், தந்தையாலும் சிடுசிடுப்பை விட இயலும் என்றாள். மகள் தன் குறையைத் தானே திருத்திக்கொண்டாள். அவளிடமுள்ள அந்த மனவலிமையைக் கண்டு வளர்ப்பதே தம் கடமை எனப் பேராசிரியர் உணர்ந்தார். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, மனநோயை ஆராய்வதுடன் மகிழ்ச்சியையும் நற்பண்புகளையும் ஆராய வேண்டுமென வற்புறுத்தினார். அத்துறை இன்று நேர்மறை உளவியல் எனப்படுகிறது.

அயல்நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். எனவே என் இல்லத்தில் நிகழ்ந்ததையும் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறினான். அன்று நான் சொன்ன சொற்களை இங்கு எழுத நாணுகிறேன். பின்னர்ப் பல நாட்கள் அவன் என்னுடன் உண்ண அமரவில்லை. பௌர்ணமியன்று அவன் தாயாரின் விருப்பப்படி மூவரும் கிரிவலம் சென்றோம். பதினான்கு கிலோமீட்டர் நடையில் அடிஅண்ணாமலை வரை ஒருவரும் பேசவில்லை. அதன்பின் அவனே வாய்திறந்தான். ஓராண்டாகவே பாடம் விளங்கவில்லை என்றும், கூறினால் ஏச்சு விழும் என்று அஞ்சி மறைத்ததாகவும் சொன்னான். தவறியவன் அவன் மட்டுமல்லன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு துணைத் தேர்வெழுதித் தேறினான்.

அஞ்சும் பிள்ளை மறைக்கும். மதிப்பெண்ணை மறைத்தால் ஓராண்டு வீணாகலாம். பிறர் இழைக்கும் தீங்கை மறைத்தால் வாழ்வே கெடும். ஆகவே பெற்றோர் கைக்கொள்ள வேண்டியவை:

1. நாள்தோறும் ஒரு வேளையேனும் குடும்பத்தினர் ஒருங்கே அமர்ந்து உண்ணுக. அப்போது கைப்பேசி வேண்டா. பிள்ளை பேசுவதை இடைமறியாது முடிவு வரை கேட்க.

2. செய்த செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டுக. "நல்ல பிள்ளை" என்பதினும், "தங்கையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றாயே" என்பது மனத்தில் பதியும்.

3. குற்றத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இழிவு செய்தலும் அடித்தலும் ஆகா. பள்ளிகளில் அடித்தலை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. இல்லத்திலும் அது வேண்டா.

4. இது தாயின் பொறுப்பு மட்டும் எனத் தந்தையர் ஒதுங்கலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆண்டில் ஒரு கிராம சபைக் கூட்டத்திலேனும் அங்கன்வாடிப் பணியாளரையும் தலைமையாசிரியரையும் அழைத்துப் பிள்ளைகளின் நலம் பற்றிப் பேசச் செய்யலாம். பூட்டிக் கிடக்கும் நூலகத்தையும் புதர் மண்டிய விளையாட்டுத் திடலையும் சீர்செய்யலாம். துன்புறும் குழந்தைக்கு உதவும் 1098 என்ற தொலைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சாலையும் குடிநீரும் ஊர் வளர்ச்சிக்கு இன்றியமையாதன. ஆயினும், அவ்வூர்ப் பிள்ளை மாலையில் அச்சமின்றி வீடு திரும்புகிறதா என்பதையும் வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்வோமாக. இன்றிரவு உணவின்போதே தொடங்கலாம்; இதற்கு அரசு நிதி எதுவும் வேண்டுவதில்லை.