தண்ணீரில் பிரேக் கிடையாது

அன்புள்ள மருமகனுக்கு,

மிதவை விமானம் ஓட்டக் கற்கப் போவதாக எழுதியிருந்தாய். அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அது உன் பாடு.

புளோரிடா போனால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் என்கிறாய். உண்மைதான். விமானி உரிமம் ஏற்கெனவே இருப்பவருக்கு, அமெரிக்காவில் மிதவை விமான ரேட்டிங் என்னும் கூடுதல் தகுதிக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு கிடையாது; தேர்வாளரோடு பறந்து காட்டினால் போதும். ஒரு தடவைகூடத் தனியாக இறக்காமலே கையில் ரேட்டிங் வந்துவிடும். அப்புறம் வாடகைக்குக் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். எல்லாம் இன்ஷூரன்ஸ் படுத்தும் பாடு. இங்கே கனடாவில் 7 மணி நேரப் பயிற்சி. அதில் 5 மணி ஆசிரியரோடு, அது போக 5 முறை தனியாக ஏறி இறங்க வேண்டும். அதனால் மாணவனைத் தனியே விடத் துணிந்த பள்ளிதான் இங்கே சொல்லித்தர முடியும். பணம் கட்டுமுன் கேள்: பாஸான பிறகும் விமானத்தைத் தனியாக ஓட்டத் தருவீர்களா, அதற்கு எத்தனை மணி அனுபவம் வேண்டும், இடித்துவிட்டால் என் பங்கு எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்கு.

கடைசிக் கேள்வி நான் கேட்காமல் விட்டது. எஞ்சின் ஓடும்வரை இந்த விமானம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்; பிரேக் இல்லை. முதல் வருடம் ஒருநாள், படகுத்துறைக்குப் பத்தடி முன்னால் எஞ்சினை அணைத்தேன். அணைந்தது எஞ்சின்தான், பின்காற்றில் விமானம் பாட்டுக்குப் போய் முட்டியது. மிதவையின் அலுமினியத் தகடு அப்பளமாக நொறுங்கி, அந்த மாதச் சம்பளமும் அதோடு போயிற்று.

காற்றில்லாத காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். அந்த அழகில் மயங்காதே. தண்ணீர் 50 அடி கீழே இருக்கிறதா, 5 அடியா என்று கண்ணுக்குப் பிடிபடாது. கரையை ஒட்டி வா, மரங்கள் உயரம் காட்டும். மூக்கைச் சற்றுத் தூக்கி, கொஞ்சம் பவர் வைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காமல் மிதவை தானாகத் தொடும்வரை பொறு. ஏரியின் பாதி நீளம் இதிலேயே போகும். சின்ன ஏரியில் வேண்டாம்.

நீச்சல் தெரியும் என்று தைரியமாக இருக்காதே. கவிழ்ந்த விமானத்துக்குள் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. நீச்சல் குளத்தில் கூண்டைக் கவிழ்த்துப் பழக்கும் வகுப்புக்கு ஒருநாள் போய் வா. மிதவை அங்கியை வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால் அது உன்னை மேலே தூக்கி அழுத்தி, கதவுக்கு வரவிடாது.

வாடகை விமானத்தில் முதலில் கைப்பம்பைத் தேடு. மிதவைக்குள் இருக்கும் ஒவ்வொரு அறையிலும் கசிந்திருக்கும் தண்ணீர் எத்தனை இழுப்பில் வற்றுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். நேற்று நாலு, இன்று பதினைந்து என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இங்கே ஏரிகளில் பனி உருக எப்படியும் சித்திரை கழியும். வரும்போது தோல் ஷூ வேண்டாம். ஈர மிதவையில் வழுக்கும்.

அன்புடன்,
மாமா