முதல் மசில் கார் வாங்குகிறீர்களா? எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்காவில் வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் பல இளைஞர்களின் கண் போகிற இடம், வேகத்துக்காக வி8 எஞ்சின் பொருத்திய மசில் கார். 1964இல் போன்டியாக் ஜிடிஓவும் ஃபோர்டு மஸ்டாங்கும் கிளப்பிய மோகம் இன்னும் அடங்கவில்லை. டாட்ஜ் சேலஞ்சர் 2023 மாடலோடும், செவ்ரலே கமாரோ 2024 மாடலோடும் நின்றுவிட்டன. வி8 எஞ்சினுடன் அவை வேண்டுமென்றால் பழைய வண்டிச் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

அங்கே பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது எஞ்சினை. அந்த உறுமலைக் கேட்டதும் மனம் இளகிவிடுகிறது. மற்றதெல்லாம் கண்ணில் படுவதில்லை. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் காகிதம், அடுத்து உடம்பு, கடைசியில்தான் எஞ்சின். கெட்டுப்போன எஞ்சினைச் செலவழித்து மாற்றலாம். சேஸிஸை அரித்த துருவும், டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், விழுந்த கறையும் அப்படிப் போகாது.

எந்தக் காலத்து வண்டி?

தினமும் அலுவலகம் போகிற வண்டி என்றால் 1960களின் அழகில் மயங்க வேண்டாம். 1966 வரை வந்த பெரும்பாலான அமெரிக்க கார்களில் பிரேக்குக்கு ஒரே ஹைட்ராலிக் இணைப்புதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முதல் வண்டிக்கு 2011க்குப் பிந்தைய 5.0 லிட்டர் மஸ்டாங் ஜிடி, 2010க்குப் பிந்தைய கமாரோ எஸ்எஸ், 2009க்குப் பிந்தைய சேலஞ்சர் ஆர்/டி ஆகியவை பொருத்தமானவை.

பிடித்த வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேளுங்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும், அமெரிக்காவில் ஓட்டிய அனுபவம் இல்லாதவர்களுக்கும் பிரீமியம் எகிறும். கடன் தவணையையும் பிரீமியத்தையும் கூட்டிப் பார்த்த பிறகு வண்டியைப் பார்க்கப் போங்கள்.

காகிதம்

1981 மாடலிலிருந்து வின் எண்ணில் 17 எழுத்து, எண்கள். முன் கண்ணாடியின் அடியில் ஓட்டுநர் பக்கம், ஓட்டுநர் கதவின் சட்டம், டைட்டில் காகிதம் ஆகிய மூன்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஜிடி சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்; 2015 முதல் 2023 வரையிலான மஸ்டாங் ஜிடி என்றால் வின்னின் எட்டாவது எழுத்து ‘எஃப்’.

பழைய வண்டிகளில் இந்த வழி எப்போதும் உதவாது. 1967–69 கமாரோவின் வின் எண் அது எஸ்எஸ்ஸா என்று சொல்லாது. ‘அசல் எஸ்எஸ்’ என்று விலை ஏற்றுபவரிடம் தொழிற்சாலைக் காகிதம் கேளுங்கள். இல்லையென்றால் சாதாரணக் கமாரோவின் விலைதான்.

டைட்டிலில் ‘சால்வேஜ்’, ‘ரீபில்ட்’ என்ற முத்திரை இருக்கிறதா, விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கை வாங்குங்கள். ஆனால் இன்ஷூரன்ஸுக்குப் போகாமல் கைக்காசில் சரிசெய்த விபத்து அதில் வராமல் போகலாம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வின் எண்ணைப் போட்டு ரீகால் பாருங்கள், இலவசம்தான். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ரீகாலில் பழைய மஸ்டாங்குகளும் சேலஞ்சர்களும் சிக்கின. மாற்றாத ஏர்பேக் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கலாம், அதில் உயிர் போயிருக்கிறது.

உடம்பு

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டியென்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரும்பு பாடி உள்ள பழைய வண்டிகளுக்கு மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. 1960களின் மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமானால் உள்ளே துரு ஓட்டை போட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

எஞ்சின்

நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்னரே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் சத்தத்தை அவர் மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் கசிகிறது.

சேலஞ்சரின் 5.7 ஹெமியில் ‘டிக் டிக்’ சத்தத்தைக் கவனியுங்கள். சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கும். சூடான பிறகும் தொடர்ந்தால் லிஃப்டரோ கேம்ஷாஃப்டோ தேய்ந்திருக்கலாம். அது பெரிய செலவு. 2010–15 கமாரோ எஸ்எஸ் ஆட்டோமேட்டிக்கிலும் லிஃப்டர் தொல்லை உண்டு. 2011க்குப் பிந்தைய மேனுவல் மஸ்டாங்கில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியர் தடையில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள்.

1996க்குப் பிந்தைய வண்டி என்றால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி2 ஸ்கேனரை மாட்டுங்கள். பிழைக் குறியீடு இல்லை என்பது மட்டும் போதாது. சுய சோதனைகளில் பல ‘தயாரில்லை’ என்று காட்டினால், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். அல்லது நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் குறியீடுகளை அழித்திருக்கலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி கலிஃபோர்னியாவின் புகைச் சோதனையில் தேறாது.

கையெழுத்துக்கு முன்

விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். அவர் எழுதித் தரும் குறைப் பட்டியல்தான் விலை பேச உங்கள் ஆதாரம். டீலரிடம் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘பையர்ஸ் கைடு’ தாளைப் படியுங்கள். ‘ஆஸ் இஸ்’ என்று குறித்திருந்தால் டீலரின் உத்தரவாதம் இல்லை, பொதுவாக ரிப்பேர் உங்கள் செலவு. டயருக்கும் பிரேக்குக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சோதனைக்கு வண்டியைத் தர மறுப்பவரிடமும், ‘இன்னொருவர் மாலையே வாங்க வருகிறார்’ என்று அவசரப்படுத்துபவரிடமும் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் விற்ற கார்கள் இவை. பொறுமையாகத் தேடினால் காகிதமும் உடம்பும் சுத்தமான ஒன்று கட்டாயம் கிடைக்கும்.